அவள் போடாத ஓட்டு

கப்பலில் உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம்... விதாத் கண்களை மூடிக்கொண்டாள். ஒரே மாதத்தில் பதினோரு ஊர். எங்கே போனாலும் அதே உப்பேறிய கிணறு, அதே கருகிய பேரீச்சை, 'ஏதாவது செய்வீங்களா?' என்று அதே கேள்வி. கேட்டுக் கேட்டு மனசு மரத்துப் போயிருந்தது. ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து கெர்கென்னா தீவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரையாவது தூங்கலாம் என்று பார்த்தால், பக்கத்து இருக்கைக்காரன் விடவில்லை. ஃபோனில் யாரிடமோ பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது தடவையும் மனுவைத் திருப்பி அனுப்பிட்டா. பதினாலு கேள்வி. கரை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கேக்குறா. ஹமூதா வீட்டு மீன்வேலியில இருந்து செத்த பேரீச்சை வரைக்கும்னு தெளிவா எழுதியிருக்கேன். அந்தம்மா கடலைப் படத்துலயாவது பார்த்திருக்குமா?"

விதாத் கண்ணைத் திறந்தாள்.

"ஹமூதா வீட்டுக்கு எத்தனை மீன்வேலி?"

அவன் ஃபோனை இறக்கினான். "ஆறு."

"எந்த வேலியில இருந்து அளக்கணும்?"

அவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். அவர்கள் தீவில் கடலின் ஒவ்வொரு துண்டும் ஒரு குடும்பத்தின் சொத்து. அதில் மீனை மறித்துப் பிடிக்கப் பேரீச்சை மட்டையால் மீன்வேலி நட்டிருப்பார்கள். குடும்பப் பேரைச் சொன்னால் பச்சைப்பிள்ளைக்கும் இடம் புரியும். ஸ்ஃபாக்ஸில் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறவர்களுக்குத்தான் புரியாது.

"நீங்க...?"

"பதினாலு கேள்வி கேட்ட அந்தம்மா" என்றாள் அலுப்போடு. "கடலைப் படத்துல பார்த்திருக்கேன்."

அவன் காது மடல் சிவந்தது. பேர் முன்திர் என்று முணுமுணுத்தான். கண்களைப் பார்த்தாள்... தூக்கம் கெட்ட கண்கள். தன்னைப் போலவே ஒருத்தன், என்று தோன்றியது. ஏனோ கோபம் வரவில்லை.

அவள் வேலை அப்படி. கடலோர மக்கள் நிதி என்பது பெரிய மனிதர்கள் பணம் கொடுத்து நடத்துவதல்ல. அந்தக் கரையோரத்து ஆட்களே ஏழு பேர் உட்கார்ந்து, கடலேற்றத்தோடு மல்லுக்கட்டும் ஊர்களில் எந்த ஊர் வேலைக்கு உதவுவது என்று ஓட்டுப் போடுவார்கள். நாலு ஓட்டு வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வரும் பொறுப்பு, ஏழு பேரில் ஒருத்தியான விதாத்தின் தலையில். முன்திரின் ஊர் கேட்டது, குளிர்காலப் புயலுக்கு முன்னால் கரை மணலைப் பிடித்து நிறுத்த மட்டை வேலி. கூடவே, மணல் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி நகராட்சியில் போய் உட்கார ஊர்ப் பெண்களுக்கு உதவி. கிடைக்காவிட்டால் இந்த வருஷம் கரையோரத்து முப்பது வீட்டுக்குள் தண்ணீர் வரும்.

அன்றே தூறலில் நனைந்துகொண்டு இருவரும் கரையை அளந்தார்கள். கயிற்றின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம்... நல்லவேளை, கயிறு அவ்வளவு நீளமில்லை. பாதி ஊர்களுக்கு இல்லை என்றுதான் சொல்லப் போகிறோம் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவன் கெஞ்சவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

பதினோரு ஊரில் யாரும் கேட்காத கேள்வி. கவிழ்த்துப் போட்ட படகின் மறைவில், பார்லி ரொட்டியும் சுட்ட கணவாயும் தின்னும்போது அவளுக்கு அழுகை முட்டியது. அந்த நிமிஷமே அவனிடம் விழுந்துவிட்டாள்.

அப்புறம் ஃபோன். முதலில் மீட்டர் கணக்கு பேசினார்கள். பிறகு மழை... பிறகு ஒன்றுமே இல்லாத பேச்சு. எந்த ஊருக்குப் போய்த் திரும்பினாலும், 'வீடு வந்து சேர்ந்தீங்களா?' என்று அவனிடமிருந்து ஒரு வரி வரும். அதைப் பார்க்காமல் அவள் செருப்பைக் கழற்றுவதில்லை.

ஓட்டுப் போடும் கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் ரோஷம் குறுக்கே வந்தது.

"இனிமே பேச வேண்டாங்க. ஓட்டு விழுந்தா எங்க வேலைக்காக விழணும். என் மூஞ்சிக்காக விழுந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"அப்படியொண்ணும் பெரிய மூஞ்சி இல்ல" என்று வைத்துவிட்டாள். வைத்த கையோடு அழுதாள்.

கூட்டத்தன்று காலைப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. அவன் ஊருக்குச் சாதகமாக மூன்று பேர், எதிராக மூன்று பேர். மிச்சம் அவள் ஒருத்தி. கேட்க வந்த ஊர்க்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, தலைவி நஸீஹா வழக்கம்போலக் கேட்டார். இந்த ஊர்க்காரர்களோடு யாருக்காவது சம்பந்தம் உண்டா?

விதாத் தலைவியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் முப்பது வீடு பிழைக்கும். யாருக்குத் தெரியப் போகிறது... ஆனால் அவனுக்குத் தெரியும். பத்து நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறானே, இதற்காகத்தானே! எழுந்து நின்றாள்.

"எனக்கு இருக்கு. நான் ஓட்டுப் போடல."

நஸீஹா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சொந்தக்காரங்களா?"

"இன்னும் இல்ல."

வெளியே தாழ்வாரத்தில் முன்திர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"உள்ள ஓட்டு நடக்குது... நீங்க ஏன் வெளிய வந்தீங்க?"

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், கடைசி இரண்டு வார்த்தை உட்பட, தரையைப் பார்த்தே சொன்னாள். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தபோது அவன் கண்கள் கலங்கியிருந்தன.

கதவு திறந்தது. மூன்றுக்கு மூன்று. நஸீஹா அவன் தோளைத் தொட்டு, வசந்தகாலத்தில் மறுபடி கேட்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வசந்தகாலத்துக்கு முன்னால் குளிர்காலம் இருக்கிறது... மூவருக்கும் அது தெரியும்.

"மன்னிச்சிடுங்க" என்றாள் விதாத். "அந்த ஒரு ஓட்டு..."

"எங்க ஊருக்கு வரவேண்டியது. எனக்கு வந்துடுச்சு" என்றான். "மட்டை எங்க மரத்துலயே இருக்கு. வெட்டி, முடிஞ்ச வரைக்கும் நாங்களே நடுவோம். பாதிக் கரையாவது நிக்கும். ஆனா ஒண்ணு, போனதும் ஊரே கேக்கும், ஏன் கிடைக்கலைன்னு. என்ன சொல்லட்டும்?"

"உண்மையச் சொல்லுங்க."

"சொல்லிடுவேன். அப்புறம் அந்த முப்பது வீடும் உங்க வீட்டு வாசல்ல வந்து பொண்ணு கேட்டு நிக்கும். பரவாயில்லையா?"

விதாத் பதினோரு ஊர்க் களைப்போடு சிரித்தாள்.

"வரச் சொல்லுங்க..."