சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்

திரையில் பச்சைப் பட்டை தொண்ணூற்றேழு சதவீதத்தில் வந்து நின்றுவிட்டது. மறுபடியும். காலையிலிருந்து கலைவாணன் எத்தனை தடவை முதலிலிருந்து ஓட விட்டாலும் அது நல்ல பிள்ளையாக ஓடி வந்து, அதே இடத்தில் காலை ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. கெட்டுப்போன டிஸ்க் என்றால் இடம் மாறி மாறி நிற்கும், கரகரவென்று சத்தமாவது போடும். இது சத்தமே போடவில்லை. ஏதோ யோசிக்கிற மாதிரி நின்றது. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். உப்பளம் பகுதியில் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டன. தணிகாசலத்தின் போட்டோ ஸ்டுடியோ இருந்த மாடியில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை. போன வாரம் ஆயுத பூஜைக்கு மேசையில் வைத்த சாமந்தி வாடி நாறிக்கொண்டிருந்தது, கற்பூரப் புகையின் கசப்பு திரைத்துணியில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது, மின்விசிறி சுற்றச் சுற்ற அந்த இரண்டு வாசனையும் மாறி மாறி அவன் முகத்தில் வந்து விழுந்தன. ஏசியைப் போட்டால் சர்வருக்கு மின்சாரம் தடுமாறுமாம். அதையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மனிதன்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். சர்வர் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். இடது ஸ்லாட்டில் அசல், வலது ஸ்லாட்டில் நகல். ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். ஊரில் பாதிப் பேரின் கல்யாணமும் காதுகுத்தும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. பெட்டியை அமைத்துக் கொடுத்தவனே கலைவாணன்தான். இப்போது இரண்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

"இதுக்கு யாருக்கா சந்தனம் வச்சது?" என்றான், டிஸ்க்குகளின் கைப்பிடியில் காய்ந்து வெடித்திருந்த பொட்டைப் பார்த்து.

ஆல்பம் வடிவமைக்கும் நிர்மலா பின் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான்தான் தம்பி. பூஜையன்னைக்கு கரண்ட ஆஃப் பண்ணிட்டு, ரெண்டையும் உருவி, ஈரத் துணியால தொடச்சு, பொட்டு வச்சு, திரும்ப உள்ள தள்ளிட்டேன். ஏன், வெக்கக் கூடாதா?"

"ஈரத் துணியாலயா? நல்லா பண்ணீங்க போங்க. கரண்ட் இருக்கறப்போ உருவலயே, அதுவரைக்கும் சந்தோஷம்."

"உருவுனா என்னாவும்?"

"ஓடிக்கிட்டு இருக்கறப்போ ஒண்ண உருவிட்டு திரும்பப் போட்டீங்கன்னா, உள்ள தங்குனது சொல்றதத்தான் பெட்டி கேக்கும். வெளிய போயிட்டு வந்ததுல இருக்கறத மொத்தமா அழிச்சிடும்."

"அடேயப்பா, மாமியார் வீடுதான். எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியுது. எது எந்தப் பொந்துல போனா..." என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் போன் அடித்தது. மூலக்குளத்து வீட்டிலிருந்து மனைவி சுடர்விழி.

"ஏங்க, இன்னும் எம்மா நேரம்? மூணு தட்டையும் எடுத்து வரிசையா வச்சுட்டு உக்காந்திருக்கா உங்க பொண்ணு. அப்பா வந்தாத்தான் சாப்புடுவாளாம்."

"அவளுக்கு ஊட்டிடு. நான் வந்துடறேன்."

"காதுகுத்து போட்டோவ மறந்துட்டு வந்துடாதீங்க. எங்க அண்ணன் தெனமும் கேக்குது. அவரு மடியில உக்காத்தி குத்துனது, அவருக்கு ஆச இருக்காதா?"

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையும் வந்து தொலைத்திருந்தான். மகள் பூர்ணிமாவின் காதுகுத்துப் படங்கள் இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தன. கேமரா கார்டை எப்போதோ அழித்துவிட்டார்கள். போனை வைக்கும்போது திரையில் அவள் தெரிந்தாள். கடற்கரையில், அவன் தோள்மேல், இரண்டு கணுக்காலையும் அவன் பிடித்திருக்க, குதிகாலால் அவன் மார்பில் தட்டிக்கொண்டு. எப்போது தூக்கினாலும் அவளுக்கு அந்தத் தட்டல் வேண்டும். டக், டக் என்று குதிரை ஓட்டுவாள்.

நிர்மலா சாப்பிடப் போனாள். டிபன் பாக்ஸில் கரண்டி உரசும் சத்தம் பின் அறையிலிருந்து வந்தது.

பட்டையைத் தடுத்து நிறுத்தியது ஒரே ஒரு கோப்பு என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தான். பூஜையன்று எடுத்த படம். அசல் டிஸ்க்கில் இருப்பதை ஒரு பக்கமும் நகலில் இருப்பதை மறுபக்கமும் திறந்து வைத்தான். அசலில் தணிகாசலம், பிரிண்டு போடும் பஞ்சநாதன், நடுவில் பட்டுப்புடவையில் நிர்மலா, கையில் தேங்காய்த் தட்டு.

நகலில் நிர்மலா இல்லை.

யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். பெரிதாக்கிப் பார்த்தான். வெட்டிய தடமில்லை. அவளுக்குப் பின்னால் மறைந்திருந்த சுவர் காலண்டர் முழுசாகத் தெரிந்தது. இரண்டு ஆண்களும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய்த் தட்டு தரையில் இருந்தது.

"அக்கா, உங்கள யாரு இந்தப் படத்துலேருந்து தூக்குனது?"

"என்ன எவன் தூக்க முடியும், எழுவத்தஞ்சு கிலோ," என்றாள் வாயில் சோற்றோடு.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பசி, புழுக்கம், தலைவலி. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று அந்த ஒரு கோப்பை மட்டும் இடது ஸ்லாட்டிலிருந்து வலது ஸ்லாட்டுக்கு, அதாவது அசலிலிருந்து நகலுக்கு, எழுதச் சொல்லி அழுத்தினான். இத்தனை நேரம் உயிரை வாங்கிய வேலை ஒரு நொடியில் முடிந்தது. மறுபடி திறந்தான்.

நகலில் நிர்மலா இல்லை. அசலிலும் இல்லை.

போச்சு. திசை மாறிவிட்டது. நகல் அசலைத் தின்றுவிட்டது. எப்படி? கைப்பிடியில் பொட்டு வைத்ததைச் சொன்னாளே, இரண்டும் ஒன்று மாதிரிதான் என்றாளே. இடம் மாற்றிச் செருகியிருக்கிறாள். படம் காட்டும் திரை டிஸ்க்கின் பெயரைப் பார்க்கும். எழுதுகிற பெட்டியோ ஸ்லாட்டைத்தான் பார்க்கும். இடதில் இருப்பது நகல்.

"நிர்மலாக்கா, எது எங்க இருந்துச்சோ அங்கயேதான் போட்டீங்களா?"

பதில் இல்லை. கரண்டிச் சத்தமும் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தான். பின் அறையில் விளக்கு எரியவில்லை. அவள் உட்காரும் நாற்காலியில் காலி ஆல்பம் அட்டைப்பெட்டிகள் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேலே தூசி. விரலால் தொட்டால் விரல் பதியும் தூசி. சோற்று வாசனை இல்லை. வாசலில் அவள் செருப்பு இல்லை.

தணிகாசலத்துக்குப் போன் போட்டான். தூக்கம் கலைந்த குரல்.

"சார், நிர்மலாக்கா எங்க போனாங்க?"

"எந்த நிர்மலா?"

"நம்ம ஆல்பம் பண்ற..."

"ஆல்பம்லாம் பஞ்சநாதன்தானய்யா பண்றான். வெயில்ல உனக்கு என்னமோ ஆயிடுச்சு. மூடிட்டு வீட்டுக்குப் போ, நாளைக்குப் பாத்துக்கலாம்."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். முன் அறையில் ஏதோ டிக் என்றது.

பட்டை நகர்ந்துகொண்டிருந்தது.

அடைத்துக்கொண்டிருந்த கோப்பு போய்விட்டதல்லவா, மிச்சத்தை அது தானாகவே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒத்துப்போகாதவை என்று கீழே இன்னும் ஒரே ஒரு பெயர் இருந்தது. பூர்ணிமா காதுகுத்து.

இரண்டையும் திறந்தான். அசலில் மைத்துனன் மடியில் குழந்தை, அழுகைக்கு வாய் கோணியபடி, பக்கத்தில் ஆசாரி. நகலில் மைத்துனன் மடியைக் கூட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் எதையோ நழுவ விடாமல் அணைத்துக்கொண்டிருந்தன. கைகளுக்குள் ஒன்றுமில்லை. ஆசாரி குனிந்து வெறும் காற்றில் ஊசியை நீட்டியிருந்தார். சுடர்விழி அந்தக் காற்றுக்கு மிட்டாய் காட்டிச் சிரித்தாள்.

ஐயோ என்று அவன் வாய்விட்டே சொன்னான்.

நிறுத்தச் சொல்லி அழுத்தினான். கேட்கவில்லை. மறுபடி. கேட்கவில்லை. சுவரில் சுவிட்சை அணைத்தான். யுபிஎஸ் கீச்சென்று கத்தியது, விசிறி நின்றது, பெட்டி நிற்கவில்லை. யுபிஎஸ் இரும்பு பீரோவுக்குப் பின்னால். நகர்த்த நேரமில்லை. தொண்ணூற்றெட்டு.

இடதிலிருந்து வலதுக்கு எழுதுகிறது. இடதில் நகல். அவள் மாற்றிப் போட்டாள். நகலைப் பிடுங்கு. பிடுங்கினால் நிற்கும்.

இடது கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். வந்தது.

பட்டை நின்றது. அப்பாடா. அப்படியே தரையில் உட்கார்ந்தான். டிஸ்க் கையில் சூடாக இருந்தது. கைப்பிடியில் சந்தனம் ஒட்டும் என்று விரலைத் தேய்த்தான்.

ஒட்டவில்லை.

கைப்பிடி சுத்தமாக இருந்தது. பொட்டு இல்லை. பொட்டு வைத்த அடையாளமே இல்லை. நிமிர்ந்து மேசையைப் பார்த்தான். சாமந்தி இல்லை. கற்பூர வாசனை இல்லை. நிர்மலா என்று ஒருத்தி இல்லாத இந்தக் கடையில் இந்தப் பெட்டிக்கு யாரும் பூஜை போடவில்லை. யாரும் டிஸ்க்கை உருவித் துடைக்கவில்லை. யாரும் இடம் மாற்றவில்லை.

டிஸ்க்கைத் திருப்பினான். அடியில், பெட்டி அமைத்த நாளில் அவனே மார்க்கரால் எழுதியது. அசல்.

சும்மா இருந்திருந்தால் போதும். இன்னும் ஒரு நிமிடம் அவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பெட்டி பூர்ணிமாவை நகலிலும் எழுதியிருக்கும்.

போன் அடித்தது.

"ஏங்க, வரீங்களா இல்லயா? ரெண்டு தட்டு வச்சுட்டு எம்மா நேரமா உக்காந்திருக்கேன்."

"சுடரு," என்றான். "பாப்பா சாப்புட்டாளா?"

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அந்தப் பேச்ச எடுக்காதீங்கன்னு எத்தினி தடவ சொல்லியிருக்கேன். டாக்டரு கைய விரிச்சப்புறம் நான் ஒரு வார்த்த பேசியிருப்பேனா? எதுக்குங்க இப்படிப் பண்றீங்க?"

வைத்துவிட்டாள். திரையில் கடற்கரைப் படம் வந்தது. அவன் தனியாக நின்று வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு கைகளும் மார்புக்கு நேரே, எதையோ கெட்டியாகப் பிடித்தபடி. விரல்களுக்குள் வெறும் கடல்.

ஷட்டர் இறங்கிய தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பெட்டியின் காலி ஸ்லாட்டுக்கு மேல் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. உள்ளே தங்கியது நகல் மட்டும். உருவிய டிஸ்க் நாலைந்து நொடியில் சுற்றி ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டான். உள்ளிருந்து ஏதோ அவன் மார்பில் தட்டியது.

டக், டக்.

திரையில் புது வரி ஒன்று வந்து நின்றது. கழட்டிய டிஸ்க்கைத் திரும்பச் செருகவும் என்று கேட்டது.