பூமாலை பார்த்த படம்

பூமாலைக்கு ஒன்றுமே புரியவில்லை.

திண்டிவனத்தில் அவள் படிக்கும் ஐந்தாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சினிமாவில் பரதம் ஆடும் சலங்கைப் படம்தான் உசத்தி என்றது ஒரு பாதி. டிஸ்கோ படம்தான் என்றது மறுபாதி.

"எங்க படம் வந்தப்புறம் எங்க தெருவுல நாலு பேரு பரதம் கத்துக்கினு இருக்காங்க, தெரியுமா?" என்றாள் அம்சா.

"எங்க படம் வந்தப்புறம் டெய்லர் கடையில ஜிப்பே தீர்ந்துபோச்சு! சட்டைக்கு ஏழு பாக்கெட்டு, ஏழு ஜிப்பு!" என்றான் சின்னதுரை. அவன் சட்டையிலும் ஏழு இருந்தன.

ஆண்டு விழாவில் வகுப்புக்கு ஒரு நடனம்தான். லூர்துமேரி டீச்சர் சொல்லிவிட்டார்: "இன்னிக்குப் பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள எந்த ஆட்டம்னு சொல்லுங்க. இல்லன்னா உங்க வகுப்புக்கு ஆட்டமே கிடையாது."

பூமாலைக்கு அதைவிட இன்னொன்று கவலையாக இருந்தது. அம்சாவும் சின்னதுரையும் அவளோடு ஒன்றாகப் பள்ளிக்கு வருகிறவர்கள். மூன்று நாளாக ஒருத்தி முன்னால் போகிறாள், ஒருவன் பின்னால் வருகிறான். நடுவில் இவள் யாரோடு நடப்பது?

"பொங்கலுக்கு விழுப்புரம் போய் ரெண்டையும் பார்த்துக்கினு வந்தியே, நீ சொல்லு!" என்று இருவரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பூமாலை விழித்தாள். "ரெண்டா? நான் பார்த்தது ஒரே படமாச்சே. அந்த அக்கா ஆடும்போது சலங்கை அறுந்து மணியெல்லாம் சிதறிடுச்சு. அப்புறம் ஒரு அண்ணன் வந்து, தரையில உருண்டு சுத்தி அதையெல்லாம் தேடினாரு."

வகுப்பே வெடித்துச் சிரித்தது.

"தேடலடி! அது பிரேக் டான்ஸ்!"

"ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு படம் ஓட்டியிருக்காங்க. நடுவுல தூங்கிட்டியா?"

வறுத்த மல்லாட்டையைத் தோலுரித்துத் தின்றது பூமாலைக்கு நினைவிருந்தது. படத்துக்குக் கூட்டிப்போன மாமாவின் தோளில் சாய்ந்ததும் நினைவிருந்தது. அடுத்து நினைவில் இருந்தது, பளபளக்கும் வெள்ளிக் கையுறை போட்ட அந்த அண்ணனின் கைதான். அழுகை வந்தது.

ஆனால் அம்சாவும் சின்னதுரையும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க" என்றாள் பூமாலை. "என் படத்துல ரெண்டு பேருக்குமே வேலை இருக்கு. உங்க படத்துல ஒருத்தருக்குத்தான்."

சிரிப்பு மெல்ல நின்றது. சின்னதுரை நேராக அம்சாவிடம் கேட்டான்: "எத்தினி மணி சிதறும்?"

"ஏழு. ஜிப்புக்கு ஒண்ணா போட்டுக்கோ."

"அஞ்சு போதும். ரெண்டு ஜிப்பு தொறக்காது."

ஆண்டு விழாவில் அம்சா ஆடினாள். சலங்கை அறுந்து மணிகள் ஓடின. சின்னதுரை இயந்திரம் போல வெட்டி வெட்டி நடந்து வந்தான். முதுகு தரையில் படச் சுழன்று ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, கடைசியில் அத்தனையையும் அவள் கையில் கொடுத்தான். பந்தலே கை தட்டியது.

வீடு திரும்பும்போது மூவரும் ஒரே வரிசையில் நடந்தார்கள். விழா பார்க்க வந்திருந்த பூமாலையின் அம்மா குழப்பத்தோடு கேட்டாள்: "இது எந்தப் படத்துலடி வருது? நான் பார்க்கவே இல்லியே?"

"எல்லாருக்கும் தெரியாதும்மா" என்றாள் பூமாலை. "நடுவுல தூங்கினாத்தான் தெரியும்."