சூறாவளி ஆள் பார்க்க வந்தது

மூன்றாவது பைக் காத்தாயியைப் பார்க்க வருகிறது என்பதால் காலையிலிருந்தே அந்த வீட்டில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பஜ்ஜி போட அல்ல, பைக்குக்கு. ஆள் பார்க்க வரும் வண்டிக்கு வெதுவெதுப்பான செயின் ஆயிலைக் கிண்ணத்தில் ஊற்றி, தட்டில் வைத்துக் கொடுப்பதுதான் செங்கோவையில் மரியாதை. ஆறிப்போன ஆயில் கொடுக்கும் வீட்டுப் பக்கம் ஓட்டை ஸ்கூட்டர்கூடத் தலைவைத்துப் படுக்காது.

செங்கோவை என்பது செவ்வாய்க் கிரகத்தில் கோயமுத்தூர்க்காரர்கள் குடியேறிய ஊர். ஒரு கண்ணாடிக் குவிமாடம், அதற்குள் வீடுகள், ஊரைச் சுற்றி ஒரே ஒரு வட்டச் சாலை, அதில் எதிரெதிராக இரண்டு டீக்கடைகள். வண்டிகளுக்குச் செயற்கை மூளை வைத்தார்கள். மூளை வந்ததும் மானம் வந்தது. மூளையுள்ள எந்த வண்டியையும் அதன் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்று இணக்கச் சட்டமும் வந்தது. அதோடு ஷோரூம்களை மூடிவிட்டார்கள். வண்டிகளே வீடு வீடாக வந்து ஆளைப் பார்த்தன, நொட்டை சொல்லின, "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பிப் போயின.

காத்தாயிக்கு லைசென்ஸ் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அப்பா பெயர் ரித்விக், அம்மா தன்ஷிகா. இரண்டும் பாட்டன் காலத்துப் பெயர்கள். மகளுக்காவது நாகரிகமாக இருக்கட்டும் என்று காத்தாயி என்று வைத்திருந்தார்கள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஓட்டும் முதல் வண்டி ஸ்போர்ட்ஸ் பைக்காக இருக்க வேண்டும். ஆனால் புது லைசென்ஸ்காரரை மூன்று வண்டிகள்தான் பார்க்கலாம் என்பது சட்டம். மூன்றும் வேண்டாம் என்றுவிட்டால் நகராட்சி மொபெட்டைக் கட்டிக்கொண்டு ஐந்து வருடம் மாரடிக்க வேண்டும். அந்த மொபெட் பச்சை நிறம். ஒவ்வொரு திருப்பத்திலும் "பாத்துப் போ கண்ணு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தும். அதில் போய் டீக்கடை முன்னால் இறங்குவதைக் கற்பனை செய்தாலே காத்தாயிக்கு அழுகை வந்தது.

முதலில் வந்த பைக் அவளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு, "பொண்ணு சும்மா சும்மா பிரேக்கைப் புடிக்குது" என்றது. போதாக்குறைக்கு அப்பா ஒரு கேள்வி கேட்டார். பைக் ஆயிலைத் தொடாமலேயே வெளியேறியது. இரண்டாவது பைக் அவளைப் பார்த்ததுமே பயந்த சுபாவம் என்று சொல்லிவிட்டது.

"இந்த வாட்டி முந்நூறுல போவேன்னு சொல்லோணும்" என்றாள் தன்ஷிகா, மகளுக்குத் தலை வாரிக்கொண்டே. "முப்பதுதான் போவேன்னு உண்மையச் சொல்லித் தொலைச்சுப்போடாத."

"செரிம்மா."

"ஏனுங்க, நீங்க வாயவே தொறக்கப்படாது. முக்கியமா அந்தக் கேள்வி."

"எந்தக் கேள்வி?" என்றார் ரித்விக், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

அவருக்குத் தெரியும். மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்ற கேள்விதான். செவ்வாயில் வண்டிகள் அணுக்கலத்தில் ஓடுகின்றன. ஒருமுறை வைத்தால் அறுபது வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வண்டியிடம், அதுவும் ஸ்போர்ட்ஸ் பைக்கிடம் மைலேஜ் கேட்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆனாலும் பரம்பரை வியாதியை என்ன செய்வது? புது வண்டியைப் பார்த்தாலே அவருக்கு நாக்கு அரிக்கும்.

பதினோரு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. சூறாவளி 900 உள்ளே வந்தது. கறுப்பு உடம்பில் சிவப்புக் கோடு, கூரான முகம், பெரிய பின் டயர். துணைக்குச் சித்தப்பா முறையில் ஒரு ஆட்டோ. கூடத்தில் பைக் ஸ்டாண்டு போட்டு அடக்கமாக நின்றது. பேச்செல்லாம் ஆட்டோதான்.

"தம்பி நானூறு போவான். பரம்பரையே அப்படிங்க" என்றது ஆட்டோ. "இவனுக்குக் கற்றல் பதிவு எங்கிருந்து வந்துச்சு தெரியுமுங்களா? பூமியில, நம்ம பழைய கோயமுத்தூர்ல ஓடுன அசல் ஸ்போர்ட்ஸ் பைக்குக நெனப்பு அத்தனையும் இவன் மண்டைக்குள்ள இருக்குது. பத்துக் கோடி மணி நேரம்!"

வண்டி மூளை தானாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. பழைய வண்டிகள் என்னென்ன செய்தன என்ற பதிவை ஊட்டினால், அதுவே அதன் குணமாகிவிடும். பத்துக் கோடி மணி நேரம் என்றதும் தன்ஷிகா உள்ளே பார்த்துக் கையசைத்தாள். காத்தாயி தட்டோடு வந்தாள். பைக் ஆயிலை லேசாக உறிஞ்சி, "பதமா இருக்குதுங்க" என்றது மெல்லிய குரலில்.

"அம்மிணி எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டது ஆட்டோ.

"முந்நூறுங்க. வளைவுல மட்டும் எறநூத்தம்பது."

ஆட்டோ பூரித்துப் போய் ஹாரன் அடித்தது. ஆனால் பைக்கின் முகப்பு விளக்கு மங்கிவிட்டது. "நான் அவங்ககிட்டத் தனியாப் பேசோணும்" என்றது.

இருவரும் பின்பக்கக் கொட்டகைக்குப் போனார்கள்.

"நெசமாவே முந்நூறு போவீங்களா?" என்று கேட்டது சூறாவளி. அந்தக் குரலைக் காத்தாயி ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லப்போகிற குரல். எப்படியும் போகப்போகிறது, பொய்யோடு ஏன் அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"பொய்ங்க" என்று விசும்பினாள். "முப்பதத் தாண்டுனா எனக்குக் கையெல்லாம் வெடவெடங்குது."

"அப்பறம் எதுக்குங்க ஸ்போர்ட்ஸ் பைக்கு?"

"டீக்கடை முன்னால நிறுத்தோணும். ஹெல்மெட்டக் கழட்டி டேங்க் மேல வெக்கோணும். நாலு பேரு பாக்கோணும். அவ்வளவுதானுங்க."

பைக்கின் மங்கிய முகப்பு விளக்கு மெல்லத் தெளிந்தது. பிறகு தயங்கித் தயங்கி, "ஹெல்மெட்டக் கழட்டுனதும் தலைய ஒருக்காச் சிலுப்புவீங்களா?" என்று கேட்டது.

"சிலுப்புவேங்க."

"செரி, உள்ள போலாம் வாங்க."

 பைக் என்ன சொல்லப்போகிறது என்று எல்லோரும் அதன் முகத்தையே பார்த்தார்கள். அதுவோ சொல்வதற்குக் கூச்சப்பட்டு நின்றது. நல்ல மனிதரான ரித்விக்குக்கு அமைதி ஆகாது. அதுவும் எதிரே ஒரு புது வண்டி நிற்கும்போது.

"மைலேஜ் எவ்வளவுங்க குடுக்கும்?" என்றார்.

தன்ஷிகா தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோ எஞ்சினை முடுக்கிவிட்டது. "கெளம்புடா தம்பி! மானம் போச்சு. ரிட்டர்ன் காலியாப் போகோணும்னு என்ற தலையெழுத்து."

காத்தாயியின் கண்ணுக்குள் பச்சை மொபெட் வந்து நின்றது.

"சித்தப்பா, இருங்க" என்றது சூறாவளி. அதன் இண்டிகேட்டர் இரண்டும் படபடவென்று துடித்தன. "இந்தக் கேள்வியக் கேட்டு எத்தனை நாளாச்சு!"

பைக் ஆட்டோ பக்கம் முகத்தைத் திருப்பியது.

"பத்துக் கோடி மணி நேரம்னு பெருமை பேசறீங்களே, அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு யாராச்சும் பாத்தீங்களா? காந்திபுரம் சிக்னல்ல நிக்கறது. அவிநாசி ரோட்டு நெரிசல்ல பஸ்ஸுக்குப் பின்னால உருட்டறது. டீக்கடை வாசல்ல ஸ்டாண்டு போட்டு செல்பி. ஞாயித்துக்கெழமை ஆனா சோப்புப் போட்டுக் குளியல். மத்த நேரமெல்லாம் கவருக்குள்ள தூக்கம். ஆறாவது கியர்னு ஒண்ணு இருக்குதாமா, நான் பாத்ததே இல்லீங்க. எங்க போயி நின்னாலும் ஒரு பெரியவர் வருவாரு, சீட்டத் தடவிப் பாப்பாரு, இந்தக் கேள்வியக் கேப்பாரு. கோடித் தடவ கேட்டிருக்கறேன். இங்க பொறந்ததுல இருந்து போற வீட்டுலயெல்லாம் முந்நூறு, நானூறுன்னு பேசிப் பயமுறுத்தறாங்க. இதுதாங்க என்ற ஊடு."

"அது கெடக்கட்டுங்க. எவ்வளவு குடுக்கும்?" என்றார் ரித்விக் விடாமல்.

"நாப்பது. மெதுவாப் போனா நாப்பத்தஞ்சு" என்றது அணுக்கல வண்டி.

"பரவால்லயே!" என்று அவர் சீட்டைத் தடவிக் கொடுத்தார்.

சாயங்காலம் சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் நசுங்கியபோது வண்டியும் காத்தாயியும் சேர்ந்து "ஐயோ" என்றார்கள். பிறகு ஒலிபெருக்கியில் பழைய பூமியின் எஞ்சின் உறுமலைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். குவிமாடம் அதிர்ந்தது. ஜனங்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓரம் ஒதுங்கினார்கள். வேகம் பதினெட்டு. வழியில் நகராட்சி மொபெட் ஒன்று "பாத்துப் போ கண்ணு!" என்று கத்தியபடி அவர்களை முந்திக்கொண்டு போயிற்று.

டீக்கடை வந்தது. ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, காத்தாயி தலையைச் சிலுப்பினாள். நாலு பேர் பார்த்தார்கள். உண்மையில் எட்டுப் பேர். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைவிட வண்டிக்கு.

இரண்டாவது டீ வந்தபோது சூறாவளி கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்தது.

"மழை வர்ற மாதிரி இருக்குதுங்க. சட்டுனு ஒரு கவர் வாங்கிப் போட்டுரலாமுங்களா?"

செவ்வாயில் மழை பெய்து முந்நூறு கோடி வருடங்கள் ஆகின்றன. காத்தாயியும் கவலையோடு மேலே பார்த்தாள்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டுக் கவர் வாங்க ஓடினாள்.