ஒத்துழைக்காத மாமன்

"இதை எழுதினது யாரு? அந்த ஆளை வெளிய வரச் சொல்லுங்க!"

குழந்தைகள் நலப் பிரிவின் வரவேற்பு மேசைக்கு எதிரே அவன் நின்றிருந்தான். மழையில் ஊறிய வேலைச் சீருடை, நெஞ்சோடு துணியில் கட்டிய ஏழு மாதக் குழந்தை, கையில் கசங்கிய கடிதம். குழந்தைமேல் ஒரு துளி ஈரம் இல்லை. அவன் தலையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவளுக்கு அது சொந்த மேசையே அல்ல. வரவேற்புப் பெண் சாப்பிடப் போயிருந்தாள்... பத்து நிமிடம் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து உட்கார்ந்தவள்தான் அவள். எட்டு வருடம் வீடு வீடாகப் படியேறிக் குழந்தைகளுக்கு எடை பார்த்த நர்ஸ். இப்போது அதே வீடுகளுக்குப் போகும் நர்ஸுகளின் டேப்லெட்டில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும், எந்த அம்மாவுக்கு எப்போது செய்தி போக வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பவள். 'டேப்லெட் நர்ஸ்' என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை... கொஞ்சம் என்ன, நிறையவே.

"மெதுவாப் பேசுங்க சார். குழந்தைங்க இருக்கற இடம்."

"என்கிட்ட இருக்கறதும் குழந்தைதான். முதல்ல இதைப் படிங்க."

படித்தாள். மூன்று முறை தகவல் அனுப்பியும் பதில் இல்லை. குடும்பம் ஒத்துழைக்கவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது. நகல், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு. அதன் கீழே அந்த அலுவலகத்தின் முத்திரை. குழந்தை இவரிடமே இருக்கலாமா, காப்பகத்துக்குப் போக வேண்டுமா என்று மூன்று வாரத்தில் விசாரணை.

"பதில் அனுப்பியிருக்கலாமே சார்? ஒரு பட்டனை அழுத்தினா போதுமே."

அவன் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தான். பூட்டிய திரையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்குக் குறுக்கே வரிசையாக, 'அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்...'

"எங்க அக்கா. பாப்பா பொறந்த பதினோராம் நாள் போயிட்டா. இதைத் திறக்கற நம்பரும் அவளோடயே போயிடுச்சு. நான் பாப்பாவுக்கு மாமன். இதை உங்க நர்ஸுங்க மூணு பேர்கிட்ட சொன்னேன். மூணு பேரும் தட்டித் தட்டி எழுதிக்கிட்டாங்க. என் நம்பரும் குடுத்தேன். அப்புறம் ஒருத்தரும் வரலை. செத்துப்போனவளுக்கு மட்டும் வணக்கம் வந்துக்கிட்டே இருக்கு!"

"குழந்தையோட அப்பா..."

"அந்த ஆள் பேச்சை எடுக்காதீங்க." கடிதத்தை அவன் மறுபடி அவள் பக்கம் தள்ளினான். "நான் லிஃப்ட் மெக்கானிக். உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டா கதவைத் தட்டுவோம். மூணு தடவை தட்டியும் சத்தம் வரலைன்னா 'உள்ள இருக்கறவர் ஒத்துழைக்கலை'ன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடுவோமா? சொல்லுங்க!"

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். மழைத் தண்ணீரா, வேறு தண்ணீரா... தெரியவில்லை. அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் ஒரு கை குழந்தையின் முதுகைத் தட்டுவதை நிறுத்தவே இல்லை.

"அது... மேலிடத்து ஏற்பாடு சார். யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியாது."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

அவன் போனதும் கோப்பைத் திறந்தாள். 'தாய் இறந்துவிட்டார், மாமாவைக் கூப்பிடவும்' என்று மூன்று நர்ஸுகளும் அவனுடைய எண்ணோடு எழுதித்தான் வைத்திருந்தார்கள். குறிப்புப் பெட்டியில்! நர்ஸுகள் நேரத்தை விழுங்குகிறது என்று அந்தப் பெட்டியை நான்காவது பக்கத்துக்குத் தள்ளியவள் அவள். செய்தி அனுப்பும் பகுதி அந்தப் பெட்டியைப் படிக்கவே படிக்காது. மூன்று முறை பதில் வராவிட்டால் கோப்பை மூடு என்ற விதியும் அவளுடையதுதான். 'ஒத்துழைக்கவில்லை' என்ற சொல்லை ஒரு மத்தியானம் தேநீர் குடித்துக்கொண்டே தேர்ந்தெடுத்தாள். அதற்குக் கூட்டத்தில் கைதட்டல் வேறு.

மறுநாளே எடைக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குக் கிளம்பினாள். மூன்றாவது மாடி. கதவு பாதிதான் திறந்தது.

"நீங்களா? டேப்லெட் இருக்கா?"

"இருக்கு."

"அது வெளிய இருக்கட்டும். நீங்க மட்டும் உள்ள வாங்க."

செருப்புகளோடு செருப்பாக டேப்லெட்டை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். ஒரே அறை. கொதிக்க வைத்துக் கவிழ்த்த பால் பாட்டில்கள், சுவரில் அவன் கையெழுத்தில் பால் கொடுக்கும் நேரங்கள். எல்லாம் சரி. ஆனால் குறைமாதத்தில் பிறந்த பாப்பாவுக்குப் பாலின் அளவை எப்போது கூட்டுவது, குழைத்த உணவை எப்போது ஆரம்பிப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நர்ஸ் இரண்டு மாதமாக வரவே இல்லையே! எடை அப்படியே நின்றிருந்தது. யாரால்? அந்தக் கேள்வி அவள் நெஞ்சைக் குத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய் தோறும் போனாள். கரண்டியால் எப்படி ஊட்டுவது என்று காட்டினாள். முதல் வாய் முழுவதும் அவன் சட்டைமேல் வந்து விழுந்தது.

"பாப்பா ஒத்துழைக்கலைன்னு எழுதிக்கோங்க," என்றான்.

அவள் சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள்... முடியவில்லை. அவனும் சிரித்துவிட்டான். கோபக்காரர்கள் சிரிக்கும்போது முகம் இப்படியா மாறிப்போகும்? அன்றைக்கு வழியெல்லாம் மழை. குடையை விரிக்க மறந்து நடந்தாள்.

இரண்டாவது வாரம் எடை நூற்றிருபது கிராம் கூடியிருந்தது. மூன்றாவது வாரம் நூற்றைம்பது. முள் நகர்ந்ததும் அவன் மூச்சே விடாமல் நின்றான். அப்புறம் வழக்கமான வசவு.

"நீங்க எவ்ளோ நல்லவங்க! அந்தக் கண்றாவியைச் செஞ்ச மடையன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"கிடைச்சா?"

"லிஃப்டுக்குள்ள ஏத்தி ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திடுவேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. சொன்னால் இந்தக் கதவு திறக்காதே... சீ, என்ன பெண் நான்!

விசாரணை நாளன்று காலையில் தலைமை நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "தொழில்நுட்பக் கோளாறுன்னு மட்டும் சொல்லும்மா. யாருக்கும் பாதகமில்லை."

பாதுகாப்பு அலுவலகத்தில் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி. எதிரே அவன். புதிதாக வாங்கி, மடிப்புக்கூடக் கலையாத சட்டை. மடியில் பாப்பா.

"கோளாறுன்னே வெச்சுக்குவோம்," என்றார் அதிகாரி. "ஆனாலும் மூணு தடவை இவர் பதில் சொல்லலை. நாளைக்குக் குழந்தைக்கு ஒண்ணுன்னா இவரை எப்படி நம்பறது?"

அவன் கைகள் பாப்பாவை இறுக்கிக்கொண்டன.

அவள் எழுந்தாள். உடம்பெல்லாம் எரிந்தது, தன்மேல் வந்த கோபத்தில்.

"கோளாறே இல்லை மேடம். நான் எப்படிச் செய்யச் சொன்னேனோ அப்படியே செஞ்சுது. அந்த விதியைப் போட்டது நான். 'ஒத்துழைக்கலை'ங்கற சொல்லும் என்னோடதுதான். இவர் மூணு தடவையும் பதில் சொல்லியிருக்கார். அதை யாரும் பார்க்காத இடத்துல ஒளிச்சு வெச்சது நான்தான். இதோ மூணு குறிப்பும் தேதியோட. நேத்து வரைக்கும் எடையும் இதுல இருக்கு. ஒத்துழைக்காதது நாங்க மேடம். இவர் இல்லை."

கூட வந்திருந்த தலைமை நர்ஸ் தலை குனிந்துகொண்டார். அதிகாரி தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடிக்க ஒரு யுகம் ஆனது.

"குழந்தை மாமாகிட்டயே இருக்கட்டும். கோப்பை இன்னிக்கே திறங்க. அந்த விதியை இன்னிக்கே எடுங்க."

அவன் அதிகாரியைக் கும்பிட்டான். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனான்.

வாசல் கூரைக்குக் கீழே பிடித்துவிட்டாள். எதிரே தெருவே தெரியாத மழை.

"ஒரு நிமிஷம்..."

"பேசாதீங்க! மூணு வாரம்! எதிர்ல உக்காந்து நான் திட்டினதையெல்லாம் கேட்டுட்டுச் சிரிச்சீங்களே... என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"பயமா இருந்துச்சு! சொன்னா கதவைத் திறக்க மாட்டீங்கன்னு. அப்புறம் பாப்பாவுக்கு யாரு எடை பார்ப்பாங்க?"

"பாப்பாவுக்காக மட்டும்தானா?"

மழை கொட்டியது.

"...இல்லை."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாப்பா அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகலை."

"தெரியுது."

"போக ரொம்ப நாளாகும்."

"ஆகட்டும்."

"செவ்வாய்க்கிழமை வேற நர்ஸை அனுப்புங்க."

நியாயம்தானே... "சரிங்க. நானே மாத்தி எழுதிடறேன்," என்று திரும்பினாள்.

"முழுசாக் கேளுங்களேன்! எதையுமே முழுசாக் கேக்க மாட்டீங்களா? எடை பார்க்க வேற நர்ஸ் வரட்டும். நீங்க... சும்மா வாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. இல்லைன்னா எனக்கு ஏன் இவ்ளோ கோபம் வருது?"

கத்தித்தான் சொன்னான். தெருவில் குடையோடு போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"எனக்கும்... பிடிச்சிருக்கு. முதல் செவ்வாய்க்கிழமைல இருந்து."

"இதையும் மறைச்சீங்களா? இன்னும் எத்தனை பாக்கி இருக்கு?"

"இல்லைங்க," என்றாள். "இதுதான் கடைசி."