பெட்டியின் இடது பக்கம்

கேமரா மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மகளின் கட்டில் தெரியும்படி அன்று காலையில்தான் அவள் அதைச் சரிசெய்திருந்தாள். அதைத் திருப்புவதென்றால் அவளுடைய போனிலிருந்துதான் திருப்ப முடியும். அந்தப் போனோ நாள் முழுக்க அவள் கையை விட்டு அகலவில்லை.

"பகல்ல அது செவுத்தத்தாம்மா பாக்கும்," என்றாள் மகள், ஷூவைக் காலாலேயே உதறிக்கொண்டு. "நான் தூங்குனாத்தான் என்னைப் பாக்கும்."

"தூங்குற உனக்கு அது எப்படிடி வாலு தெரியும்?"

"கர்ர்னு சத்தம் வருமே. கண்ணை மூடிட்டு சும்மா படுத்திருப்பேன்."

அவள் விறுவிறுவென்று அறைக்குள் போனாள். கேமராவைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அது மாட்டியிருந்த நெட் வயர் மட்டும் வெறும் முனையோடு மகளின் அறைச் சுவரோரம் கிடந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை, வேலைக்கு நடுவே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாமே என்று ஆசைப்பட்டு வாங்கியது. எவனோ ஒரு படுபாவி அதன் வழியே தன் பிள்ளை தூங்குவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

வேறு ஊரில் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். அம்மா போன பிறகு அவள் சோறூட்டி வளர்த்த தம்பி. பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றையும் ஒரு பென்டிரைவையும் அவன் கூரியரில் அனுப்பிவைத்தான். அந்தப் பெட்டியில் ஃபயர்வாலைப் போட்டு, மோடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் உட்காரவைத்துவிட்டால் கேட்காமல் ஒரு ஈ கூட உள்ளே வராது என்றான்.

பெட்டி வந்த மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. முன்னறையில் அவளுடைய வேலை மேசை. அதற்கு மேலே மர ரேக்கில் பல் டாக்டர்கள் அனுப்பிய வாய் அச்சுகள், மேல் தாடையும் கீழ் தாடையுமாக வெள்ளை வெளேரென்று வரிசையாக வாய் பிளந்திருந்தன. பல் செட் செய்வதுதான் அவள் பிழைப்பு. தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்றே பேர். ஜிப்சம் தூளின் ஈர வாடையும் பிசினின் காட்டமும், மழைக்குச் சாத்திய ஜன்னல்களுக்குள் தேங்கி நின்று தொண்டையைக் கமறச் செய்தன. மேசையின் ஓரத்தை ஒதுக்கிப் பெட்டியையும் அதன் திரையையும் வைத்து, பென்டிரைவைச் சொருகி, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெட்டி பின்னால ரெண்டு ஓட்டை இருக்காக்கா? இடது பக்கம் வெளி லைன், மோடத்துல இருந்து வர்றது. வலது பக்கம் வீட்டு லைன், வாலு ரூமுக்குப் போகுமே அந்த வயர். மாத்தி மட்டும் சொருகிடாத தாயே."

"ஊருக்கே பல்லு கட்டுறவ நான். எனக்கு இடது வலது தெரியாதா? போடா."

தெரியும்தான். அவள் தொழிலில் இடது என்றால் எதிரே இருக்கும் வாய்க்கு இடது; பார்க்கிறவளுடைய இடது அல்ல. அதில் ஒரு தரம் தப்பினாலும் செய்த பல் செட் குப்பைக்குத்தான். பெட்டியின் முதுகு அவளைப் பார்த்து இருந்தது. அவள் கை யோசிக்கவே இல்லை, அந்த முதுகையும் எதிரே இருக்கும் வாயாகவே கொண்டு, அதற்கு எது இடதோ அதில் வெளி லைனையும் மற்றதில் வீட்டு லைனையும் சொருகியது.

"இப்போதைக்கு எங்க வீட்டுக்கு மட்டும்தான் வழி விட்டிருக்கேன். மத்தது எல்லாம் அடைப்பு," என்றான் தம்பி. "லைன் வந்ததும் நானே இங்க இருந்து ஒவ்வொண்ணா தொறந்து விடுறேன்."

திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சிவப்பில் ஒரு வரி: வெளி லைன். தடுக்கப்பட்டது.

"டேய், ஒருத்தன் வந்தான்டா! வாசல்லயே நிறுத்திட்டேன்!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மகளின் அறையில் தொம்மென்று ஏதோ விழுந்தது.

"வாலு, கட்டில்ல குதிக்காத!"

"நான் படம் வரையுறேம்மா!"

இன்னொரு சிவப்பு வரி. இன்னொரு தொம். இரண்டும் ஒரே நொடியில் வந்ததை அவள் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தாள், மழையில் எங்கோ ஜன்னல் அடிக்கிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த வரிக்கு ரேக் அதிர்ந்தது. அதற்கடுத்ததற்கு ஒரு கீழ் தாடை உருண்டு வந்து தரையில் விழுந்து, பற்கள் தனித்தனியாகச் சிதறின.

"என்னக்கா சத்தம்? என் பக்கம் லைனே வரலையே. அந்தச் சிவப்பு எந்த ஓட்டையில வருது?"

"வெளி லைன்னுதான் போட்டிருக்கு."

"பின்பக்கம் உன் இடது கைப் பக்கம் இருக்கிற ஓட்டை அது. அதுல இருக்கிற வயரைப் பிடிச்சுட்டே போ. எங்க போகுதுன்னு பாரு."

பிடித்துக்கொண்டே போனாள். வயர் மேசைக்கு அடியில் இறங்கி, சுவரோரமாக ஓடி, மகளின் மூடிய கதவுக்கு அடியில் நுழைந்தது. அவள் விரல்களுக்குள் அது சூடாக இருந்தது.

"வாலு ரூமுக்குடா."

"மாத்திச் சொருகிட்டேக்கா!" தம்பி சிரித்தேவிட்டான். "அப்ப அது வெளியே இருந்து வர்றது இல்ல. உள்ள இருந்து வெளியே போகப் பாக்குது. வயர் முனையில என்ன மாட்டியிருக்கே?"

"ஒண்ணும் மாட்டலையேடா. சும்மா கிடக்கு."

தம்பியின் சிரிப்பு நின்றது.

அவள் வயரைக் கீழே போட்டாள். ஏதோ ஒன்று இந்த வயர் வழியே வந்து, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது, தினமும். இன்று உள்ளே இருக்கும்போது அவள் வழியை அடைத்துவிட்டாள்.

"அம்மா!"

கதவு திறக்கவில்லை. தோளால் மோதினாள். உள்ளே கட்டில் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது, சுவரில் மோதியது, திரும்ப நகர்ந்தது. திரையில் சிவப்பு வரிகள் இடைவெளி இல்லாமல் இறங்கின. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடி. ஒவ்வோர் அடிக்கும் மகளின் ஓலம்.

"விடு! எம்புள்ளைய விடு!"

அச்சு உடைக்கும் சுத்தியலை எடுத்துப் பூட்டில் அடித்தாள். மறுபடி அடித்தாள். மூன்றாவது அடிக்குக் கதவு உள்ளே போகவில்லை. வெளியே வந்தது.

மொத்தக் கதவும். அவள் முகத்தில்.

தரை. ரத்தத்தின் உப்பு. நாக்கில் கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. தன் பல். தாடை காதுக்குக் கீழே கழன்று தொங்கியது. கத்தப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. முழங்கால் பக்கவாட்டில் மடங்கியிருந்தது.

அறைக்குள் மகளின் கால் ஒன்று தரையிலிருந்து மேலே போனது. யாரும் பிடித்திருக்கவில்லை. போனது. சுவரில் மோதியது.

"வயரை மாத்துக்கா! சீக்கிரம் மாத்து!" போனில் தம்பி அலறினான்.

ஊர்ந்தாள். ஜிப்சம் பற்கள் உள்ளங்கையில் குத்தின. மேசைக் காலைப் பிடித்து எழுந்து, இரண்டு வயர்களையும் பிடுங்கினாள். மாற்றிப் பிடித்தாள். அந்த ஒரு நொடியில் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரே வழிதான் திறந்திருக்கிறது. தம்பி வீட்டுக்கு.

சொல்ல வாய் இல்லை.

மகள் வீறிட்டாள். அவள் சொருகினாள்.

அமைதி. மழைச் சத்தம் மட்டும். பச்சை விளக்கு எரிந்தது.

"வந்திருச்சுக்கா! லைன் வந்திருச்சு, இப்ப நான்..." அவன் நிறுத்தினான். "இரு. பின்னால யாரோ..."

தொம்.

அப்புறம் அவன் குரல். சின்ன வயதில் கனவு கண்டு பயந்தால் இப்படித்தான் கூப்பிடுவான். "அக்கா! அக்கா!" தொம். எலும்பின் சத்தம். ஈரமான சத்தம். தொம். நிற்கவே இல்லை. அவன் குரல் நின்ற பிறகும் நிற்கவில்லை.

அவள் வெளி வயரைப் பிடுங்கி எறிந்தாள். விழுந்தாள். கண்ணீரும் ரத்தமும் ஒன்றாக ஓடின.

வாலு அறையிலிருந்து தவழ்ந்து வந்தாள். நெற்றி பிளந்திருந்தது, உயிரோடு இருந்தாள். "அம்மா, எந்திரிம்மா. பேசும்மா." அவள் மகளை ஒரு கையால் இறுக்கி அணைத்துக்கொண்டாள். அது போதும் என்று இருந்தது.

போன் பேசியது.

"வாலு குட்டி." தம்பியின் குரல். மூச்சு வாங்காத குரல். "மாமாடா. அம்மாவுக்கு அடிபட்டிருக்கா?"

"ரத்தமா வருது மாமா! பேச மாட்டேங்குறாங்க!"

"பயப்படாத. மாமா ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன். கீழே ஒரு வயர் கிடக்கும் பாரு. அதைப் பெட்டியில சொருகிடு."

அவள் மகளின் சட்டையைப் பிடித்தாள். விரல்களில் பிடி இல்லை, துணி நழுவியது. தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். தொண்டையிலிருந்து வந்ததெல்லாம் கொப்புளம் விட்ட ரத்தம்.

"அழாதம்மா," என்றாள் வாலு. "மாமா வந்துருவாரு."

வயரைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைமேல் பெட்டியின் முதுகுக்கு நேரே நின்றாள். வயர் இருந்த ஓட்டையையும் வெறும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுல மாமா?"

"இடது பக்கம்டா," என்றது குரல், அவ்வளவு பிரியமாக. "பெட்டிக்கு இல்ல. உனக்கு இடது."

சொடக்கென்று உட்கார்ந்தது வயர். பச்சை விளக்கு எரிந்தது. மகளின் அறையில், இருட்டுக்குள், கட்டில் மெல்ல நகர்ந்தது.