மருதமேட்டில் நகர்ந்த குச்சி

“தண்ணி இந்தக் குச்சியத் தொட்டுச்சுன்னா, அந்த நிமிசமே கூடாரத்தச் சுருட்டிருவேன்! அப்புறம் ஒருத்தரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது!”

சொல்லிக்கொண்டே வடிவு வேப்பங்குச்சியை ஈர மணலில் ஓங்கிக் குத்தினாள். பக்கத்தில் ஒரு தட்டைக் கல் கிடந்தது. ஆறு அதற்கும் கீழே, ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அரையாண்டு விடுமுறை அல்லவா? தாமிரபரணிக் கரையில் மருதமேடு என்று ஒரு திட்டு. முன்பக்கம் ஆறு, பின்பக்கம் கோரை அடர்ந்த பள்ளம். பள்ளத்தில் இறங்கி ஏறினால்தான் ஊர்ச்சாலை. அங்கே இரண்டு நாள் தங்க நான்கு பேர் வந்திருந்தார்கள். தலைமை வடிவு, பன்னிரண்டாம் வகுப்பு. அவள் அண்ணன் மாசாணம் கல்லூரிக்காரன், வந்ததே புதையலுக்கு! மேட்டில் மீன் செதுக்கிய கல் ஒன்று இருக்கிறதாம், அதற்கடியில் ஜமீன் தங்கம் இருக்கிறதாம். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அடுத்தது தோழி கோமு. வீட்டை விட்டு வெளியே தங்குவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கடைசியாக அத்தை மகன் ஆவுடை, பத்தாம் வகுப்பு. மாமன் மகள் வடிவு அவனுக்கு ‘மைனி’.

ஆவுடைக்கு நீச்சல் தெரியாது. ஆற்றங்கரை ஊரில் நீச்சல் தெரியாத பையன்! வெள்ளத்தில் புருசனைப் பறிகொடுத்த அத்தை, மகனைத் தண்ணீர்ப் பக்கமே விட்டதில்லை. “ஆவுடை எம்பொறுப்பு அத்த. முழுசாக் கொண்டாந்து ஒங்க கையில ஒப்படைக்கேன்” என்று வடிவு தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் விட்டாள். குச்சியே அவனுக்காகத்தான்.

பொழுது சாய்ந்ததும் கொசு கிளம்பியது. அப்பப்பா! காது, மூக்கு, வாய் என்று பாகுபாடே பார்க்கவில்லை. கொசுவர்த்திச் சுருள் மேலேயே ஒன்று உட்கார்ந்து இளைப்பாறியது.

“கொசுவாட்டி இது? கோழிக்குஞ்சுல்லா!” என்று கோமு தொடையில் அறைந்துகொண்டாள். வேப்பிலையையும் நொச்சியையும் போட்டுப் புகை மூட்டினார்கள். கொசு போகவில்லை, இவர்கள்தான் இருமினார்கள்.

அப்போது வாழைக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்தார். இடுப்பில் துண்டு, தோளில் மண்வெட்டி. மேட்டின் மறுகோடியில் வாழை போட்டிருக்கும் கொம்பையா.

“ஏய், இங்கன தங்காதீய! அணையில தண்ணி தொறக்கப் போறாவளாம். இருட்டுக்கு முந்தி கெளம்புங்க!”

மாசாணம் தங்கையின் கையைச் சுரண்டினான். “பாத்தியாட்டி? நம்மள வெரட்டப் பாக்கான். மத்தியானம் பாத்தேன், வாழைக்குள்ள எதையோ தோண்டுதான். நான் போன ஒடனே சாக்கப் போட்டு மூடிட்டான்!”

வடிவுக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றது. அக்கறையாக எச்சரிக்க வந்தவர் ஏன் வாழைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்? அந்தச் சாக்குக்கு அடியில் என்ன?

“வாங்க அண்ணாச்சி, குச்சியப் பாப்போம்” என்று ஆற்றோரம் கூட்டிப்போனாள். தண்ணீர் குச்சிக்கு இரண்டு முழம் கீழே சமர்த்தாக நின்றது. மதியம் நின்ற அதே தூரம்!

“ஆறு ஏறவே இல்லியே அண்ணாச்சி?”

கொம்பையா குச்சியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “என்னமும் பண்ணித் தொலைங்க. எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு” என்று போய்விட்டார். மாசாணம் ஜெயித்துவிட்டது போலச் சிரித்தான்.

பொழுது விடிந்ததும் முதல் வேலையாக வடிவு குச்சியைப் பார்க்க ஓடினாள். இப்போதும் தண்ணீர் அதற்குக் கீழேதான். நிம்மதியாகத் திரும்பியவள் நின்றாள். தட்டைக் கல் எங்கே?

தேடினாள். கல் ஆற்றுக்குள், முழங்காலளவுத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது!

குச்சியை யாரோ பிடுங்கி மேலே நட்டிருக்கிறார்கள். அந்தக் கொம்பையா வேலையா? அவள் பல்லைக் கடித்தாள். மறுநொடியே கணக்கு உதைத்தது. நம்மை விரட்ட நினைக்கிறவர் குச்சியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் அல்லவா நடுவார்? எட்டத்தில் நடுகிறவருக்கு நாம் போகக் கூடாது.

போகக் கூடாது என்று நினைப்பது யார்?

கூடாரத்துக்கு வந்தாள். “குச்சிய யாரு நகட்டுனது?”

கோமு முடியைக் கோதினாள். மாசாணம் செருப்பைத் தேடினான், செருப்போ காலிலேயே இருந்தது. ஆவுடை அடுப்பை ஊதினான், அடுப்பில் நெருப்பே இல்லை. அந்நியனைச் சந்தேகப்படுவது சுலபம். கூட உண்டு உறங்கியவர்களை ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்படுவது கொடுமை.

அதட்ட வாயைத் திறந்தாள், நாலு கொசு உள்ளே போயின. காறித் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். வெயில் வந்த பிறகும் கொசுவா? அதுவும் எல்லாம் பின்பக்கமிருந்து, கூட்டம் கூட்டமாக! பகலில் கோரைக்குள் பதுங்குகிற ஜாதி இது. அங்கே இருக்க விடாமல் எது விரட்டுகிறது?

“ஐயோ, பள்ளம்!” என்று ஓடினாள்.

நேற்று செருப்போடு நடந்து வந்த பள்ளம் இன்று ஆறாகியிருந்தது. கீழ்க்கோடி வழியாகப் புகுந்த வெள்ளம் கோரைத் தலைகளை ஆட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். கைப்பேசியில் சிக்னல் இல்லை. மூன்று பேர் நீந்திவிடுவார்கள். ஆவுடை?

அவன் முகம் வெளுத்துவிட்டது. “மைனி, நீங்க போயிருங்க. நான் மரத்துல ஏறி இருந்துக்கிடுதேன்.”

“வாய மூடுல! ஒன்ன உட்டுட்டு நான் எந்த மொகத்தோட அத்தகிட்டப் போவேன்?” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாழைக்குள்ளிருந்து கத்தல் கேட்டது. “ஏய்! யாராவது வந்து ஒரு கை புடிங்கடே!”

ஓடினார்கள். கொம்பையா முக்கி முனகி எதையோ மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். சாக்கு விலகியது. உள்ளே டீசல் எஞ்சின்! தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின்! வெள்ளத்துக்குப் பயந்து நேற்றிலிருந்து அதைத்தான் தோண்டிப் பெயர்த்திருக்கிறார்.

மாசாணம் அசடு வழிந்தான். “சாக்கு போட்டு ஏன் மூடுனீய?”

“மழையில நனைஞ்சா நீயால வந்து ரிப்பேர் பாப்ப?”

ஐவரும் சேர்ந்து எஞ்சினை உச்சிக்கு இழுத்து மருத மரத்தில் கட்டினார்கள். வடிவு மூச்சு வாங்கியபடி ஆவுடையைக் காட்டினாள். “அண்ணாச்சி, இவனுக்கு நீச்சல் தெரியாது.”

கொம்பையா பள்ளத்தைப் பார்த்தார். தார் தள்ளி நின்ற தன் வாழைகளைப் பார்த்தார். “வெட்டுங்க” என்றார். “எப்படியும் ஆத்தோட போற மரம். இந்தப் பயலுக்காவது ஆவட்டும்.”

சொல்லிவிட்டாரே தவிர, முதல் வெட்டு விழுந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழெட்டு மரங்கள் சாய்ந்தன. தண்டுகளை அடுக்கிக் கம்பைக் குறுக்கே குத்திக் கூடாரக் கயிற்றால் கட்டினார்கள். தெப்பம் தயார்! மாசாணம் கயிற்று முனையோடு அக்கரைக்கு நீந்திப்போய்ப் பனையில் கட்டினான். ஆவுடை குப்புறப் படுத்தான். அவன் முதுகில் ஒரு வாழைத்தாரையும் ஏற்றிக் கட்டினார் கொம்பையா. “அதையாவது காப்பாத்துங்கடே!”

நடுப்பள்ளத்தில் இழுப்பு வேகம். படார்! ஓரத் தண்டு கழன்றது. தெப்பம் சரிந்து ஆவுடை இடுப்பு வரை தண்ணீருக்குள் போனான். “மைனீ!”

வடிவு பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். “தெப்பத்த உடாத! என்னையப் பிடிக்காத! கால அடி, அடிச்சிக்கிட்டே இரு!”

அவன் அடித்தான். மூச்சு முட்ட, கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். மாசாணம் இழுத்தான், கோமு பின்னாலிருந்து தள்ளினாள். அடுத்து ஆவுடையின் வயிற்றில் தட்டுப்பட்டது கரைமண்.

கடைசியாகக் கொம்பையாவும் நீந்தி வந்து சேர்ந்தார். எல்லாரும் மண்ணில் மல்லாந்து கிடந்தார்கள். கோமுதான் முதலில் விம்மினாள்.

“சாயங்காலம் நாந்தாம்ட்டி குச்சிய மேல நட்டேன். இப்பவே திரும்பிட்டா எங்கய்யா இனிமே எங்கயும் உட மாட்டாவ.”

மாசாணம் எழுந்து உட்கார்ந்தான். “நீயுமா? விடியக் கருக்கல்ல நானும் நட்டேன். அந்த மீன் கல்ல மட்டும் கண்டுபிடிச்சிட்டாப் போதும்னு...”

“நானும்” என்றான் ஆவுடை, யாரையும் பார்க்காமல். “கொசுக்கடியில முழிச்சிக்கிட்டேன். தண்ணி குச்சிகிட்ட வந்துட்டு. ஒரு நீச்சல் தெரியாதவனால எல்லாரு லீவும் போச்சுன்னு ஆயிரும்லா மைனி? அதான்.”

வடிவு ஓங்கிய கையை இறக்கினாள். ஆளாளுக்கு ஒரு முழம்! அவளோ குச்சியையும் ஆள்களையும் காவல் காத்தாள், ஆற்றை மட்டும் பார்க்கவில்லை. கண் முன்னால் வந்து சொன்னவரையும் நம்பவில்லை. “மன்னிச்சிருங்க அண்ணாச்சி” என்றாள். கொம்பையா தாரிலிருந்து ஒரு சீப்பு அறுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆவுடை தோளில் ஏற்றிவிட்டார்.

அந்தத் தாரோடுதான் ஊருக்குள் நுழைந்தார்கள். வீங்கிய முகம், சேறு, வெற்றிச் சிரிப்பு! வாசலில் அத்தை ஓடிவந்து மகனைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். வடிவைக் கட்டிக்கொண்டாள். “சொன்ன சொல்லக் காப்பாத்திட்டியே தாயி!”

வடிவு அத்தையின் கையை விலக்கினாள். “இல்ல அத்த. நட்டாத்துல உட்டுருப்பேன்” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அத்தை மகனின் ஈரச் சட்டையையே பிழிந்துகொண்டிருந்தாள்.

“கால நல்லா அடிச்சானா?” என்றாள் கடைசியில்.

“ரொம்ப நல்லா அடிச்சான் அத்த.”

“தண்ணி வடியட்டும். நம்ம கெணத்துக்குக் கூட்டிட்டுப் போயி நீச்சல முழுசாப் படிச்சுக் குடு” என்றாள் அத்தை. “நானும் வந்து படியில உக்காந்து பாக்கேன்.”