முப்பதில் வைத்த விளக்கு

பவளத் தொட்டியின் விளக்கை நூற்றுக்கு முப்பதில்தான் வைத்துவிட்டுப் போயிருந்தான் ஆனந்தகுமார். மதியச் சாப்பாட்டுக்கு நூல் கடையிலிருந்து வந்து மாடியறையைத் திறந்தால், விளக்கை ஆட்டிவைக்கும் போன் நாற்பது என்று காட்டியது.

"சுபத்ரா, விளக்குல கைவச்சியா?"

"பெரியத்தான் போனை நான் தொடுறதே இல்லையே" என்று கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

பெரியத்தான் என்றால் அவனுடைய அண்ணன் காசிராஜன். கல்யாணம் கட்டாமல், உப்புக் கரைத்த தண்ணீரில் பவளப்பூச்சிகளை வளர்த்த மனிதர். மழைக்கே வழியில்லாத ஊரில் கடல் வைத்திருக்கிறார் என்று அருப்புக்கோட்டைக் கடைத்தெருவே கேலி பேசும். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்த பிறகும், வலது கையால் போனைத் தடவி வெளிச்சத்தைக் கூட்டுவார், குறைப்பார்.

"கொஞ்சங் கொஞ்சமாத்தாம்லே ஏத்தணும். ஒரேயடியா ஏத்துனா வெளுத்துப்போகும். வெளுத்த ஒடனே செத்துராது, அதான் கொடுமை. உசிரோட பட்டினி கெடக்கும்" என்பார்.

இப்போது அவர் இல்லை. வீடு ஆனந்தகுமாருக்கு வந்துவிட்டது. தொட்டி பட்டுப்போனால் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று சுபத்ரா சொல்லிவிட்டதால், தொட்டியும் அவன் தலையில் விழுந்தது.

மறுபடி முப்பதாக்கினான். மறுநாள் ஐம்பது. அதற்கடுத்த நாள் அறுபது. பச்சையும் ஊதாவுமாகத் தளதளத்த பவளங்கள், வெயிலில் போட்ட சாய நூல்போல வெளிறத் தொடங்கின. சாயம் ஏற்றிய நூலை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயில் எதை எப்படி உறிஞ்சும் என்று நூல் வியாபாரிக்குத் தெரியாதா என்ன?

அண்ணன் விஷயத்திலும் தெரிந்துதான் செய்தான். காலை இளவெயில் கொஞ்சம் படட்டும் என்று டாக்டர் சொன்னது நல்ல சாக்காகப் போயிற்று. சுபத்ரா பாளையம்பட்டியில் தாய்வீட்டுக்குப் போயிருந்த ஒரு சித்திரை நாளில், அண்ணனைக் கட்டிலோடு மொட்டைமாடிக்கு இழுத்துப் போட்டுக் கதவைத் தாழிட்டான். இடது செருப்பு கிறீச்சிடப் படியிறங்கும்போது, ஆள் கூப்பிட அண்ணன் வைத்திருந்த பித்தளைத் தம்ளர் கட்டில் சட்டத்தில் தட்டுவது கேட்டது. டங். டங். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் கட்டிலை அறைக்குள் இழுத்துவிட்டு, தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாகத் தெருவைக் கூட்டி அழுதான், பாவி. அந்தத் தம்ளரைச் சுடுகாட்டிலேயே எறிந்துவிட்டு வந்தான்.

இன்றைக்குப் பராமரிப்பு வேலை என்று ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். சுபத்ரா டவுன் பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். தொட்டிக்குக் காற்று விடும் பேட்டரி மோட்டாரைப் போடுவதற்காக ஆனந்தகுமார் உச்சிவேளையில் மாடியேறினான். எந்நேரமும் தடதடக்கும் பவர்லூம்கள் ஓய்ந்து, தெரு காதடைத்தாற்போலக் கிடந்தது. செருப்பை வாசலில் கழற்றியபோதுதான் கவனித்தான், மூடிய கதவின் அடியில் நீல வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் உப்புவாடையோடு இன்னொரு வாடை. அண்ணனின் விழுந்த காலுக்குத் தேய்த்த தைலம்.

ஊரில் கரண்டு இல்லை. விளக்கு எரிந்தது.

பிளக்கைப் பிடுங்கினான். எரிந்தது.

போனில் எழுபது. விரல் வைத்துக் கீழே இழுத்தான். எண்பது. கண் கூசியது. நெற்றி காந்தியது. வெளியே ஓடிவிடத் திரும்பினான். இடது கால் வரவில்லை. இடது கையும் வரவில்லை. தொட்டியடியில் மல்லாந்து விழுந்தான். சுபத்ரா என்று கத்தப் போனான். நாக்கு கோணிக்கொண்டது. வாய் திறந்தது, மூடியது. சத்தமில்லை.

தலைமாட்டில் யாரோ குனிந்தாற்போல இருந்தது. தைல வாடை முகத்தில் அடித்தது.

"இத்தனை நாளும் கொஞ்சங் கொஞ்சமாத்தாம்லே ஏத்துனேன்" என்றது அண்ணனின் குரல். "நல்லாப் பழகிட்டே. சீக்கிரம் சாக மாட்டே."

வெளியே கதவில் தாழ் விழுந்தது.

இடது செருப்பு கிறீச்சிட, அவசரமே இல்லாமல், படியிறங்கும் சத்தம். அவனுடைய செருப்பு. அவனுடைய நடை.

வலது கை தரையைத் துழாவியது. குளிர்ந்த பித்தளை தட்டுப்பட்டது. சுடுகாட்டில் எறிந்த தம்ளர். எடுத்து, தொட்டியின் இரும்புக்காலில் தட்டினான். டங்.

செருப்புச் சத்தம் நிற்கவில்லை.

நூறு.

கண்ணாடிக்குள் பவளங்களுக்குப் பச்சை ஏறியது, ஊதா ஏறியது. தம்ளரைப் பிடித்திருந்த தன் கை, விரல் நுனியிலிருந்து சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டே வருவதை ஆனந்தகுமார் பார்த்தான். உயிர் இருந்தது. வலியும் இருந்தது. அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.